ரப்பர் நிலத்தை விற்று டாக்டர் படிப்பா? மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் இழை

26 ஏப்ரல் 2025, வாசகி ஒருவரின் கேள்வி

டாக்டர், என் மகள் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் 9ஏ (ஒன்பது பாடத்தில் ஏ) எடுத்திருக்கிறாள். தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்திலிருந்தே மருத்துவம்தான் அவள் ஆசை. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரியில் சேர்க்க, மாமனார் விட்டுப்போன ரப்பர் நிலத்தை விற்றுவிடலாம் என்கிறார் என் கணவர். நம் தோட்ட மக்களுக்கு நம் பிள்ளைகளே டாக்டராக வந்தால்தானே நல்லது? விற்கலாமா?

27 ஏப்ரல், ஞாயிறு இரவு

விற்க வேண்டாம்.

மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். தேர்வு முடிவு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. அதற்குள் கல்லூரி முகவர்கள் தொலைபேசியில் அழைத்து, "இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் சலுகை" என்று சொல்லியிருப்பார்கள். ஒரு காசும் கட்டாதீர்கள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்கப் படிப்புகளான மெட்ரிகுலேஷனுக்கும் ஆறாம் படிவத்துக்கும் முயன்ற பிறகுதான் தனியார் கல்லூரி பற்றிய பேச்சே வர வேண்டும்.

10ஏ, அதற்கு மேல் எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று 2024 இல் பிரதமர் அறிவித்தார். உங்கள் மகள் அந்தக் கோட்டுக்கு ஒன்று குறைவு. "இலக்கியம் எதற்கு, வீண் சுமை" என்று பிள்ளையைப் பத்தாவது பாடமாகத் தமிழ் இலக்கியம் எடுக்க விடாமல் தடுக்கும் பெற்றோர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். 9ஏ உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். உறுதி கிடையாது, அவ்வளவுதான். ஆறாம் படிவம் ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். அரசாங்கப் பள்ளியில் செலவு சொற்பம். கடினம் என்று எல்லாரும் பயமுறுத்துவார்கள். கடினம்தான். மருத்துவம் அதைவிடக் கடினம். எனவே அது ஒரு நல்ல ஒத்திகை.

தனியார் கல்லூரியில் ஐந்தாண்டு எம்.பி.பி.எஸ். படிப்பு 3 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறைவாக அமைவது அரிது. பெயர் பெற்ற இடங்களில் 5 லட்சத்தைத் தாண்டும். தங்குவதும் சாப்பாடும் தனி. அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் வாங்கினாலும் அது செலவு முழுவதையும் ஈடுகட்டாது. நிலத்தை விற்ற பிறகும் கடன் இருக்கும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

உங்கள் கேள்வியில் இன்னொரு பாதி இருக்கிறது: நம் பிள்ளைகள் டாக்டரானால் தோட்ட மக்களுக்கு நல்லது என்பது. அதைப் பற்றி எனக்கு நிறைய மனக்குறை உண்டு. கிளினிக் இல்லாத நாளில் எழுதுகிறேன்.

28 ஏப்ரல்

காலையிலிருந்து வசவு. "நீங்கள் மட்டும் டாக்டராகிவிட்டு ஏழைப் பிள்ளைகள் ஏறும் ஏணியைத் தள்ளிவிடுகிறீர்கள்" என்று ஒருவர். "உங்கள் தகப்பனார் இப்படி யோசித்திருந்தால் நீங்கள் இன்று எங்கே இருப்பீர்கள்?" என்று இன்னொருவர்.

என் தந்தை தோட்டத்து டிரஸர், அதாவது மருத்துவ உதவியாளர். விற்பதற்கு அவரிடம் நிலம் இல்லை. ஊழியர் சேமநிதிப் பணத்தையும் அம்மாவின் நகைகளையும் கொண்டு என்னைக் கர்நாடகத்துக்கு அனுப்பினார். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு நிச்சயம் இருந்தது. பட்டத்தோடு திரும்பினால் அரசாங்க வேலை, நிரந்தரப் பதவி, ஓய்வூதியம். கடன் கொடுத்தவரும் அதை நம்பித்தான் கொடுத்தார்.

அந்த நிச்சயம் 2016 டிசம்பரோடு போய்விட்டது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்கள் ஒப்பந்த மருத்துவர்கள். காரணம் ஒன்றும் மர்மமில்லை. நாட்டில் மருத்துவப் படிப்பு நடத்தும் இடங்கள் 30க்கு மேல் பெருகின. 2011 இல் புதிய மருத்துவப் படிப்புகளுக்குத் தடை போட்டபோது காலம் கடந்துவிட்டது. வெளிநாட்டில் படித்துத் திரும்புவோர் வேறு. பட்டம் பெற்று வருவோர் தொகைக்கு ஈடாக அரசாங்கம் பதவிகளைப் பெருக்கவில்லை. பயிற்சி மருத்துவர் காலமும் 2008 இல் ஓராண்டிலிருந்து ஈராண்டாயிற்று: ஆறு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் நான்கு மாதம். இடத்துக்காகக் காத்திருப்பது, முடித்தபின் ஒப்பந்தம் நீளுமா என்று காத்திருப்பது என்று இளமை கரைகிறது. 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையில் மருத்துவமனை வாசல்களில் நின்றது நினைவிருக்கிறதா? கோவிட் உச்சத்தில் நின்றார்கள். "இந்த நேரத்திலா?" என்று கேட்டவர்கள் பலர். வேறு எந்த நேரத்தில் யார் காது கொடுத்துக் கேட்டிருப்பார்கள்?

நான் ஏணியைத் தள்ளவில்லை. மேலே இப்போது சில படிகள் இல்லை என்று சொல்கிறேன்.

1 மே, தொழிலாளர் தினம்

கிளினிக் விடுமுறை. ஆற அமர எழுதலாம்.

"நம்மவர் டாக்டரானால் தோட்டத்துக்கு நல்லது" என்ற பேச்சு, தோட்டத்தில் ஒரு காலத்தில் டாக்டர் இருந்தார் என்ற நினைப்பிலிருந்து வருகிறது. இருந்தவர் டிரஸர். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965 இல் தனிச் சட்டமே வந்தது. டாக்டர் பட்டணத்திலிருந்து காரில் வருவார், வரிசையில் நிற்பவர்களைப் பார்ப்பார், கிராணி (தோட்ட எழுத்தர்) நீட்டும் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர், உளி பட்ட கைக்குத் தையல் போட்டவர், நள்ளிரவில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு ஓடிப் பிரசவம் பார்த்தவர் டிரஸர்தான். யார் வீட்டில் யாருக்குச் சளி விடவில்லை, யார் சம்சு குடிக்கிறார், எந்தப் பெண் மாதக்கணக்கைத் தவறவிட்டிருக்கிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கோப்பு எதுவும் தேவைப்படவில்லை.

அதற்கும் முன்னால் போங்கள். 1901 இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் மலேரியாவை எப்படிக் குறைத்தார்? சதுப்பு நிலத்தை வடித்தார், கால்வாய் வெட்டினார். மருந்தும் கொடுத்தார், ஆனால் பெரிய வேலையைச் செய்தது மண்வெட்டி. பிறகு தோட்டங்களிலும் அதே முறை. நம் கொள்ளுப்பாட்டன்மார் கொசுவுக்குச் சாவது குறைந்ததற்கு, அவர்களே வெட்டிய சாக்கடைக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, நம்மவர்கள் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் நகர்ந்துவிட்டார்கள். தோட்ட மருத்துவமனைகளில் பல பூட்டிக் கிடக்கின்றன. நோயும் மாறிவிட்டது. 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி, நாட்டில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. நம் கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு வரிசைக்குப் பத்துப் பேர் உட்கார்ந்தால் மூன்று பேருக்கு இனிப்பு நீர். அந்த மூவரில் ஒருவராவது அதை அறியாமல் இரண்டாம் முறை பாயசம் கேட்டுக்கொண்டிருப்பார்.

என்னிடம் வரும் ஒருவர், பழைய பால்வெட்டுத் தொழிலாளி, இப்போது தொழிற்சாலைக் காவலாளி, கால் விரலை இழந்தார், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே. டாக்டர் இல்லாததாலா? அரசாங்கக் கிளினிக்கில் பார்க்க 1 ரிங்கிட். தமிழ் பேசும் டாக்டரே அங்கே இருந்தார். ஆனால் காவல் வேலை பன்னிரண்டு மணி நேரம். ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் சம்பளம் இல்லை, இரண்டு நாள் போகாவிட்டால் முதலாளியின் முகம் மாறும். வீட்டிலிருந்து கிளினிக்குக்குப் பஸ் இல்லை. மகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவிட வேண்டும், மகனுக்கும் வேலை. எனவே மூன்று மாதத்துக்கொரு முறை வர வேண்டியவர், புண் நாற்றம் அடித்தபோது வந்தார். நம் சமூகத்திலிருந்து இன்னும் ஆயிரம் டாக்டர்கள் வந்திருந்தாலும் இவர் விரல் தப்பியிருக்காது. சனிக்கிழமை மாலையில் திறந்திருக்கும் ஒரு புண் கட்டும் அறை இருந்திருந்தால் தப்பியிருக்கலாம். அந்த அறைக்கு டாக்டர்கூட வேண்டாம்.

1 மே, இரவு

"அப்படியானால் டாக்டர் மாப்பிள்ளை தேடுவதை நிறுத்திவிடலாமா?" என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார். தாராளமாகத் தேடுங்கள். இரவுப் பணி முடிந்து வந்து சோபாவில் செருப்போடு தூங்கும் மாப்பிள்ளைதான் வேண்டும் என்றால் என்னிடமே சிலர் முகவரி இருக்கிறது.

4 மே

ஓய்வுபெற்ற தோட்டக் கண்டக்டர் (மேற்பார்வையாளர்) ஐயா ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம் இது: "டிரஸரை நீங்கள் தெய்வமாக்குகிறீர்கள். எங்கள் தோட்டத்து டிரஸர் எல்லா வியாதிக்கும் ஒரே வெள்ளை மருந்து கொடுத்தார். வயிற்றுவலி என்று வந்தவளை ‘வேலைக்குப் போ’ என்று துரத்தினார். மருத்துவ விடுப்புச் சீட்டு எத்தனை எழுதினார் என்று துரை மாதாமாதம் கணக்குக் கேட்பார். அவர் கம்பெனி ஆள்."

ஐயா சொல்வது உண்மை. எங்கள் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்ட பேச்சுகளே சாட்சி. சம்பளம் கொடுத்தவர் தோட்ட நிர்வாகம். நோயாளியின் உடம்பு எப்படியிருக்கிறது என்பதை அவர் இரண்டு பேருக்குச் சொல்ல வேண்டியிருந்தது: நோயாளிக்கு ஒரு மாதிரி, காலை வருகைக் கணக்கான பிரட்டுக்கு ஆள் எண்ணுபவருக்கு வேறு மாதிரி. அப்பா சில இரவுகளில் சாப்பிடாமல் படுத்ததற்குக் காரணம் இதுதான் என்று பின்னாளில் அம்மா சொன்னார்.

ஆனால் ஐயா, அந்த இரட்டை வேலை ஒழிந்துவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? சுற்றியுள்ள சில தோட்டங்களுக்கு நான்தான் வருகை மருத்துவர். இன்று லயங்களில் இருப்பவர்கள் வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், நேப்பாளத்தவர். வெளிநாட்டுத் தொழிலாளர் பரிசோதனையில் நெஞ்சுப் படத்தில் காசநோய் தெரிந்தால் "தகுதியில்லை" என்று குறிக்க வேண்டும். பிறகு அவரை ஊருக்கு அனுப்புவார்கள். ஊரில் அவர் வாங்கிய கடன் அப்படியே இருக்கும். இது அவர்களுக்குத் தெரியும். ஆகவே இருமலை மறைக்கிறார்கள். ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் இடத்தில் மறைக்கிறார்கள். அரசாங்க மருத்துவமனையில் நமக்கு 1 ரிங்கிட், நிபுணரிடம் 5 ரிங்கிட். அவர்களுக்கு 40, நிபுணரிடம் 120. குடியுரிமை ஆவணம் கிடைக்காமல் இங்கேயே பிறந்து வளர்ந்த நம்மவர் பிள்ளைகள் பலருக்கும் வெளிநாட்டவர் கட்டணம்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் பாட்டி படுத்த அதே பலகையில் இன்று வேறொருவர் படுத்திருக்கிறார். "தோட்ட மக்கள்" என்று நாம் உருகும்போது அவர்கள் ஏன் கணக்கில் வருவதில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

5 மே

மேலே உள்ளதற்கு வந்த பதில்களில் பாதியை நீக்கிவிட்டேன். "அவர்கள் நம் வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள்" என்பவர்களுக்கு: மூட்டை தூக்க உங்கள் மகனை அனுப்புவீர்களா? நானும் அனுப்ப மாட்டேன். அங்கேயே பேச்சு முடிந்துவிடுகிறது.

7 மே

நேற்றுப் புத்ராஜெயாவில் தனியார் டாக்டர்கள் ஊர்வலம் போனார்கள். மே 1 முதல் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்து. நான் போகவில்லை, கிளினிக் நிறைய டெங்கிக் காய்ச்சல்.

விலையை ஒட்டுவதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. கோபம் வேறு இடத்தில். ஆலோசனைக் கட்டணம் 10 முதல் 35 ரிங்கிட் என்று 2006 விதிமுறையில் வகுத்தார்கள். 2025 மே வரை அதுதான். சிறுபட்டணத்தில் 35 கேட்டால் அடுத்த முறை ஆளே வர மாட்டார். வாடகை, தாதியர் சம்பளம் எல்லாம் மருந்து விற்பனையிலிருந்து வருகின்றன. அதாவது, நான் ஒரு நோயாளியோடு அரை மணி நேரம் உட்கார்ந்து "உங்களுக்கு மாத்திரை வேண்டாம், நடந்தால் போதும்" என்று சொன்னால் எனக்கு நட்டம். இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு நோய்த்தடுப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறோம்.

40 வயதும் அதற்கு மேலும் ஆன, குறைந்த வருமானமுள்ளவர்கள் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை செய்துகொள்ளலாம். 2019 முதல் இருக்கிறது. இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். பதிவு பெற்ற தனியார் கிளினிக்குகளிலும் செய்யலாம். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி பிடித்து நன்கொடையாளர் பெயர் வாசிப்பவர்கள் இதையும் ஒரு வரி வாசித்தால் என்ன?

12 மே, விசாக தினம்

ஒரு பயிற்சி மருத்துவர் தம்பி தனியாக எழுதியிருந்தார். அனுமதியோடு சில வரிகள்: "டாக்டர், நான் சிம்மோர் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. இந்த ஆண்டு முடிக்கிறேன். சிங்கப்பூருக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை. ‘நம் மக்களுக்குச் சேவை செய்வான்’ என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். போவது துரோகமா?"

தம்பி, போங்கள். உங்கள் அப்பாவின் ஊர்ப்பேச்சுக்கு நீங்கள் பொறுப்பாளி இல்லை.

தம்பி மலாயாப் பல்கலைக்கழகப் பட்டதாரி. மலாயாப் பல்கலைக்கழகப் பட்டத்தையும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகப் பட்டத்தையும் சிங்கப்பூர் நெடுங்காலமாக ஏற்கிறது. நிலத்தை விற்றுத் தனியாரில் படித்தவர்களுக்கு அந்தக் கதவு அவ்வளவு எளிதில் திறக்காது. இதையும் முதல் கேள்வி கேட்ட தங்கை கவனிக்கட்டும்.

இங்கேயே இருந்து நிபுணராவது எப்படி? ஒன்று, உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு முதுநிலை. இடம் குறைவு. மற்றொன்று இணைவழி: வெளிநாட்டுக் கல்லூரிகளின் தேர்வுகளை எழுதிக்கொண்டே இங்குள்ள மருத்துவமனைகளில் பயிற்சி பெறுவது. இதய அறுவை சிகிச்சையில் எடின்பரோ வழியாக முடித்தவர்களின் பெயரை நிபுணர் பதிவேட்டில் சேர்க்க மறுத்து, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2024 ஜூலையில் மருத்துவச் சட்டத்தைத் திருத்தித்தான் வழி திறந்தார்கள். நெஞ்சை அறுக்க ஆள் பற்றாத நாட்டில், கற்றுவந்தவர்களை வாசலில் நிறுத்திக் காகிதம் கேட்ட கதை அது.

தம்பிக்கு இன்னொன்றும் சொன்னேன். போகும்போது குடும்ப மருத்துவம் என்ற துறையை ஒரு முறை திரும்பிப் பாருங்கள். மூளை அறுவை, இதயம் என்றால்தான் வீட்டில் மதிப்பு. ஆனால் நீரிழிவுக்காரரைப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்க்கும் ஆளுக்குத்தான் சிறுபட்டணங்களில் தட்டுப்பாடு. எங்கள் ஊர் மாவட்ட மருத்துவமனை. பெரிய விஷயமென்றால் ஈப்போவுக்கு, முப்பது கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் போய்விடும். வாராவாரம் போகும் டயாலிசிஸ் நோயாளியும், மாதாமாதம் கண் காட்டப் போகும் கிழவியும் எதில் போவார்கள்?

இந்த ஊரை 2008 முதல் 2018 வரை நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் செய்தவர் ஒரு நுரையீரல் நிபுணர், மைக்கேல் ஜெயக்குமார். 1974 முதல் தொகுதியை வைத்திருந்த அமைச்சர் சாமிவேலுவை வென்றவர். தோட்டத்து வீட்டுப் பிரச்சினைக்கும் இருமலுக்கும் தொடர்பு உண்டு என்பதைக் கட்சிக்காரர்களுக்கு முன்பே உணர்ந்தவர்கள் இப்படிச் சிலர்தான். டாக்டரானவர் எல்லாரும் தேர்தலில் நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. வெள்ளைக் கோட்டுக்கு வெளியேயும் வேலை இருக்கிறது.

14 மே

"துரோகம் இல்லை என்று நீங்கள் எப்படி முடிவு செய்யலாம்?" என்று தம்பியின் சீனியர் ஒருவர் சண்டைக்கு வந்தார். தானும் ஒப்பந்தத்தில் இருந்து, சபாவுக்கு மாற்றலாகி, அங்கேயே தங்கிவிட்டாராம். கூடாட்டில் ஒரு கிளினிக்கில் நல்ல சாப்பாடு, நல்ல மக்கள், மழைக்காலத்தில் இணையம் இல்லை என்று எழுதியிருக்கிறார். அவரிடம் எனக்குப் பொறாமை. இருந்தும், தங்குவதைக் கடமையாக்கினால் அவரைப் போன்றவர்கள் கிடைக்க மாட்டார்கள். மாற்றல் கடிதத்துக்காகக் காத்திருப்பவர்கள்தான் கிடைப்பார்கள். தங்குபவருக்கு வீடு, பிள்ளைக்குப் பள்ளி, நிபுணப் பயிற்சியில் முன்னுரிமை. இவற்றைக் கொடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் துரோகம் பற்றிப் பேசலாம்.

19 மே

நிலம் விற்கக் கேட்ட தங்கை திரும்ப வந்திருக்கிறார். சனிக்கிழமைப் புண் கட்டும் அறை பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு அவர் கணவர், "டாக்டரே சொல்லிவிட்டார், எம்.ஏ. (மருத்துவ உதவியாளர்) படிப்பில் சேர்த்துவிடுவோம், மூன்று வருடத்தில் வேலை" என்றாராம். மகள் அழுதாளாம்.

ஐயோ, 9ஏ எடுத்த பிள்ளையிடம் போய் நான் எப்போது அதைச் சொன்னேன்? அவள் டாக்டருக்கே முயலட்டும், ஆறாம் படிவம் வழியாக. நான் சொல்வது அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணனுக்கு. எல்லாக் குடும்பத்திலும் ஒருவன் இருப்பான்: எஸ்.பி.எம்.மில் ஐந்தாறு கிரெடிட், கை சுத்தம், பொறுமைசாலி, பாட்டி விழுந்தால் முதலில் ஓடுபவன். அவனை நாம் என்ன செய்கிறோம்? கடன் வாங்கி ஏதோ ஒரு வணிகப் பட்டயத்தில் சேர்த்து, கடைசியில் சாப்பாடு கொண்டுபோகும் வேலைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்கிறோம்.

மருத்துவ உதவி அதிகாரிக்கு மூன்றாண்டுப் பட்டயம். சுகாதார அமைச்சின் கல்லூரியில் இடம் கிடைத்தால் படிக்கும்போதே படித்தொகை உண்டு. 1977 முதல் இவர்களுக்குத் தனிப் பதிவுச் சட்டம் இருக்கிறது. அவசரப் பிரிவில் நாடித் துடிப்பு நின்றவரை முதலில் தொடுபவர், கிராமக் கிளினிக்கில் டாக்டர் இல்லாத நாளில் முழுப் பொறுப்பும் ஏற்பவர் இவர்தான். தாதியர் பயிற்சியும் அப்படியே. நம் பெண்கள் ஒரு காலத்தில் அங்கே நிறைய இருந்தார்கள். இப்போது தமிழ் பேசும் தாதி ஒருவர் வார்டில் இருந்தால் கிழவிகள் பெயர் சொல்லித் தேடுகிறார்கள். டாக்டர் வார்டைச் சுற்றிவிட்டுப் போய்விடுவார். இன்சுலின் ஊசியை எத்தனை புள்ளி திருக வேண்டும், ஊசியைக் குளிர்பெட்டியில் எங்கே வைக்க வேண்டும் என்று மூன்று முறை பொறுமையாகச் சொல்ல வேண்டியவர் தாதி.

கல்யாணச் சந்தையில் இந்த வேலைகளுக்கு மதிப்பில்லை என்பது தெரியும். தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி டிரஸர் வீட்டுக்குத்தான் தீபாவளிக்குத் தட்டு போகும். அதே வேலையைப் பேரன் செய்தால் "டாக்டராக முடியவில்லையா?" என்று கேட்கிறோம்.

25 மே

மருந்தடி வேலை செய்த பெண்களைப் பற்றி ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மா பல ஆண்டு முதுகில் மருந்துத் தோம்பைத் தூக்கிப் பாரகுவாட் என்ற களைக்கொல்லி அடித்தவர், நகமெல்லாம் கெட்டு, மூக்கில் இரத்தம் வந்தவர்.

அந்த மருந்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்குக் கை நிற்காது. 2002 இல் தடை செய்வதாக அறிவித்தார்கள். 2006 இல் தடையைத் தளர்த்தினார்கள். 2020 ஜனவரியில்தான் முழுத் தடை. அடித்தவர்கள் பட்டது ஒருபுறம், குடித்தவர்கள் இன்னொருபுறம். குடும்பச் சண்டை, கடன், காதல். ஒரு நிமிட ஆத்திரத்தில் ஒரு வாய். அரசாங்கப் பணியில் இருந்தபோது அப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் நன்றாகப் பேசுவார்கள், தவறு செய்துவிட்டேன் என்பார்கள், சாப்பாடுகூடக் கேட்பார்கள். நுரையீரல் இறுகிப்போவது அதற்குப் பிறகுதான். மாற்று மருந்து கிடையாது. அறையில் எத்தனை நிபுணர் நின்றாலும் செய்வதற்கு அதிகம் இருக்காது.

இந்த விஷயத்தில் ஓர் அரசாங்க உத்தரவு செய்ததை, எந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவும் செய்திருக்க முடியாது. மண்வெட்டி பற்றி மேலே எழுதியது இதற்கும் பொருந்தும்.

(அம்மாவின் நகத்தையும் மூச்சுத் திணறலையும் பற்றி: கூட்டிவாருங்கள், நெஞ்சுப் படம் எடுத்துப் பார்க்கலாம். பழைய சம்பளச் சீட்டோ வேலைப் பதிவோ இருந்தால் கொண்டுவாருங்கள். பெர்க்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் தொழில்நோய்க்கு விண்ணப்பிக்க உதவும்.)

8 ஜூன்

கடைசிச் செய்தி: நிலம் விற்கப்படவில்லை. மகள் ஆறாம் படிவத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். கணவருக்கு இன்னும் மனம் ஒப்பவில்லையாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை தனியாரில் சேர்ந்துவிட்டதாம். பக்கத்து வீட்டாரின் கடன் பத்திரத்தை யாராவது அவருக்குக் காட்டுங்கள்.

பாடங்கள் எவை என்று கேட்டிருந்தார். பொதுப்பாடத்தோடு உயிரியல், வேதியியல் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, இயற்பியலா கணிதமா என்பது பிள்ளையின் கை எதில் ஓடுகிறதோ அது. மருத்துவத்துக்கு அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் நேர்முகத் தேர்வு வைக்கும். "மக்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறாளாம். அந்த வரியைச் சொல்ல வரிசையில் நிறையப் பேர் இருப்பார்கள். வீட்டில் பாட்டிக்கு இன்சுலின் போடுவது யார் என்று கேட்டேன். இவள்தானாம், பள்ளிக்குக் கிளம்பும் முன் தினமும். அதைச் சொல்லட்டும்.

பல்கலைக்கழகம் சேரத் தேவையான மூயெட் ஆங்கிலத் தேர்வை முதல் வாய்ப்பிலேயே எழுதிவிடட்டும், கடைசிப் பருவத்துக்குத் தள்ள வேண்டாம்.